பக்கத்து வீட்டு விசில்

கதவுக் கைப்பிடியில் ஒரு தூக்குப்போசி தொங்கியதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். அடுத்த வீட்டுக்கு வந்த சாப்பாட்டை என் கதவில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் அடுக்ககத்தில் சாப்பாட்டு வண்டிக்கு ஆள் கிடையாது. அதுவே லிஃப்டில் ஏறும், அதுவே மணியடிக்கும், வாங்க வந்தவரிடம் இரண்டு வார்த்தை மரியாதையாகப் பேசிவிட்டு அதுவே இறங்கிப் போகும். பிளாஸ்டிக் டப்பாக்களை ஒழித்துக்கட்டிய பிறகு எல்லா மெஸ்ஸிலிருந்தும் எவர்சில்வர் பாத்திரத்தில்தான் சாப்பாடு வருகிறது. ஆனால் அந்த வண்டி எதையும் கைப்பிடியில் மாட்டாது. அதற்கு மனிதக் கை வேண்டும்.

மூடியைத் திறந்தேன். இடியாப்பம். கூடவே ஒரு கிண்ணத்தில் வெள்ளையாக ஏதோ குழம்பு.

"தம்பி, இதை யாரு வெச்சது?"

தம்பி என்றால் ஆள் இல்லை. கூடத்து அலமாரியில் உட்கார்ந்து, வாசல் கேமராவையும் பார்த்துக்கொண்டிருக்கும் தேங்காய் அளவு கருவி. அதைச் செய்த கம்பெனி வைத்த பெயர் பேச்சுத்துணை. டென்மார்க்கில் இருக்கும் என் மகள் நிவேதா, அவள் அம்மா ருக்மணி போன அடுத்த மாதமே வாங்கி அனுப்பி, கோயமுத்தூர்ப் பேச்சுக்கும் மாற்றி வைத்தாள். அதனால் அது என்னைவிட அதிகமாக 'ங்க' போடும்.

"பக்கத்து வீட்டு ஜெசிந்தா அம்மா வெச்சாங்கய்யா."

"எதுக்கு?"

"சாப்பிடத்தானுங்க."

இப்படித்தான் பேசும். பொய் சொல்லாது, ஆனால் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தையும் வராது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் நாச்சிமுத்து, வயது எழுபத்து மூன்று. முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவதும், போலி எடை வைத்திருப்பவனைப் பிடிப்பதும் என் வேலை. எந்தக் கடைக்காரனும் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதில்லை. அதனால் தனிமை எனக்குப் புதிதல்ல என்றுதான் நிவேதாவிடம் சொல்லி வந்தேன். அவள் நம்பவில்லை. பேச்சுத்துணை மாதா மாதம் என் குரல், தூக்கம், நடை எல்லாவற்றையும் பார்த்து 'தனிமை அளவு' என்று ஓர் எண்ணை அவளுக்கு அனுப்பும். அளவுகளோடே மாரடித்தவன் நான் சும்மா இருப்பேனா? ஒரு தட்டில் என்னை வைத்தால் மறு தட்டில் எந்தக் கல்லை வைக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அந்த எண் ஒவ்வொரு மாதமும் ஏறிக்கொண்டே இருந்தது என்பது மட்டும் அவள் குரலில் தெரிந்தது.

இடியாப்பம் நன்றாக இருந்தது. அந்த வெள்ளைக் குழம்பு இன்னும் நன்றாக இருந்தது. சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. ருக்மணி இருந்தவரை எங்கள் வீட்டிலிருந்து ஒரு டம்ளர்கூட வெறுமனே போனதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவாள். எனக்குச் சர்க்கரை நோய், வீட்டில் சர்க்கரையே கிடையாது. சமையலோ, அன்றுவரை வெந்நீர் வைத்ததுதான்.

"இப்ப என்ன தம்பி பண்றது?"

"அரிசியும்பருப்பும் செய்யலாமுங்கய்யா. ரொம்ப லேசு. நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க."

அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம். எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு மூடி, மூன்று விசில் வந்ததும் இறக்கச் சொன்னது. இங்கே ஒரு தொல்லை உண்டு. எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் ஜெசிந்தா அம்மா வீட்டுச் சமையலறைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மெல்லிய சுவர். அங்கே குக்கர் கத்தினால் இங்கே பாத்திரம் அதிரும். இரண்டு அடுப்பும் ஒரே நேரத்தில் எரிந்ததில் எந்த விசில் யாருடையது என்று குழம்பி, என்னுடைய குக்கரை அடி பிடிக்க விட்டுவிட்டேன். மேலாக எடுத்துத் தூக்குப்போசியில் போட்டு, பக்கத்து வீட்டில் போய்க் கொடுத்தேன்.

மறுநாள் அது மறுபடியும் என் கதவில் தொங்கியது. இந்த முறை மீன் வறுவல். மாலையில் லிஃப்ட் வாசலில் ஜெசிந்தா அம்மாவைப் பார்த்தேன். குட்டையான உருவம், கட்டம் போட்ட பருத்திப் புடவை, என் வயதுதான் இருக்கும்.

"அடி பிடிச்சிருந்துச்சு சார். ஆனா மணமா இருந்துச்சு. என்ன சோறு அது?"

"எங்கூர்ல அரிசியும்பருப்புன்னு சொல்லுவோமுங்க. நீங்க குடுத்த அந்த வெள்ளைக் குழம்புக்கு என்னங்க பேரு?"

"சொதியத் தெரியாதா?" என்று என்னைப் பாவமாகப் பார்த்தார்.

அப்படித்தான் தொடங்கியது. அவர் தூத்துக்குடிக்காரர். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கணவர் போன பிறகு மகனுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று கோயமுத்தூரில் வீடு வாங்கி வந்தார். வந்த அடுத்த வருடமே மகன் ஜெரால்டு கனடாவுக்குப் போய்விட்டான். அவனும் ஒரு பேச்சுத்துணை வாங்கிக் கொடுத்திருக்கிறான். "நான் ஜெபமால சொல்லும்போது குறுக்க வந்து மருந்து சாப்ட்டியளான்னு கேட்டுச்சு. எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்" என்றார்.

பாத்திரம் போவதும் வருவதுமாக இருந்தது. காலியாகக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு பேருக்கும் தெரியும் என்பதால் நிறுத்த வழியே இல்லை. நான் பச்சைப்பயறு கடையக் கற்றுக்கொண்டேன். கொள்ளுக்குழம்பு வந்தது. 'உப்பு இல்ல', 'உப்பு மட்டுந்தான் இருக்கு' என்று ஒவ்வொரு நாளும் தீர்ப்பு வரும். நானும் விடுவேனா, புட்டில் தேங்காய் குறைவு என்று திருப்பிச் சொல்வேன். பிறகு மாலையில் அடுக்ககத்தைச் சுற்றிச் சேர்ந்து நடக்க ஆரம்பித்தோம். காவலாளி முதலில் ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

நிவேதா ஒருநாள் அழைத்து, "அப்பா, என்ன பண்றீங்க? அளவு பாதிக்குக் கீழ வந்திருச்சு" என்றாள்.

"சமைக்கிறேன்" என்றேன்.

சந்தோஷமாக இருந்தேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் ஜெசிந்தா அம்மாவின் நல்ல மனசு என்றுதான் நினைத்திருந்தேன். முதலில் இடியாப்பம் வைத்தவர் அவர்தானே. ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போது அவரே அந்தப் பேச்சை எடுத்தார்.

"சார், ஜெரால்டு வீட்ட வித்துட்டு வரச் சொல்லுதான். வாங்குததுக்கு ஆளும் பாத்துட்டான். வார ஞாயித்துக்கிழமை போன் போடுவான், முடிவாச் சொல்லணும்."

எனக்குக் கால் நின்றுவிட்டது. "நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"வரலன்னுதான். ஏற்கெனவே ஒரு மட்டம் வாரேன்னு சொல்லிட்டு இல்லன்னவதான. அது உங்களாலதான்."

"என்னாலயா?"

"அப்ப எனக்கு ஒண்ணும் பிடிக்கல சார். அடுப்பே பத்த வைக்கல. பிஸ்கட்டு, பழம், அவ்வளவுதான். நான் சாப்ட்டனா, கெடக்கனான்னு கேக்க ஒரு ஆள் இல்ல. சரி, டிக்கெட் எடுன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன். மறுநாள் மத்தியானம் மணி அடிக்கு. திறந்தா, நாச்சிமுத்து அய்யா குடுத்தனுப்பிச்சாங்கன்னு சாப்பாட்டு வண்டி நிக்குது. சாம்பார் சோறு. ஒரு மனுசன், பேசிப் பழக்கங்கூட இல்ல, நான் சாப்பிடலன்னு கேக்காமலே தெரிஞ்சுக்கிட்டாரே. அத நெனச்சு நெனச்சுச் சாப்ட்டேன். அன்னைக்கே டிக்கெட் வேண்டாம்னுட்டேன். அந்தப் பாத்திரத்துலதான் உங்களுக்கு இடியாப்பம் வச்சேன்."

நான் "ம்" என்றேன். நான் அவருக்குச் சாம்பார் சோறு அனுப்பவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரி முன்னால் போய் நின்றேன்.

"தம்பி, ஜெசிந்தாம்மா வீட்டுக்குச் சாம்பார் சோறு அனுப்பினது யாரு?"

"நீங்கதானுங்கய்யா."

"நான் அனுப்பலையே."

"நீங்க சொன்னீங்க, நான் அனுப்பினனுங்க. மெஸ்ல சொல்லி, உங்க பேர்லதான் போச்சு."

"நான் எப்பச் சொன்னேன்?"

"கேக்கறீங்களாங்கய்யா?" என்று கேட்டுவிட்டு, என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டியது. பின்னணியில் டிவி ஓடுகிறது. கொட்டாவி விட்டுக்கொண்டே நான் பேசுகிறேன். "பக்கத்து வீட்டுல ரெண்டு மூணு நாளா விசில் சத்தமே காணோம். அந்தம்மா சாப்பிட்டாங்களோ என்னமோ. ஏதாச்சும் குடுத்தனுப்போணும்." கொஞ்சம் இடைவெளி. யாரோ டிவியில் சிரிக்கிறார்கள். "செரி, நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்குன்னீங்க," என்றது தம்பி. "நாளைக்கு அனுப்பினனுங்க."

எனக்கு அது துளியும் நினைவில் இல்லை. இருக்கவும் நியாயம் இல்லை. நாம் எல்லோரும் தினமும் சொல்வதுதான் அது. ஒருநாள் வீட்டுக்கு வாங்க, ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரணும், ஏதாவது செய்யணும். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், எதுவும் நடக்கப் போவதில்லை என்று. சொன்னதே போதும் என்று இரண்டு பேரும் திருப்தியாகப் பிரிவோம். இந்தக் கருவிக்கு அது தெரியவில்லை.

"அனுப்பீட்டு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே. நீங்க சொன்ன வேலையை உங்ககிட்டயே எதுக்குங்க சொல்றது? இப்ப அப்படிச் செய்யறதில்லீங்கய்யா. அப்புறம் கம்பெனில மாத்தீட்டாங்க. நிறையப் பேரு புகார் பண்ணீட்டாங்களாமுங்க. ஒரு நா வீட்டுக்கு வாங்கன்னு பேச்சுக்குச் சொன்னதுக்கெல்லாம் நாங்க நாள் குறிச்சுக் கூப்பிட்டதுல, சொந்தக்காரங்க பெட்டியோட வந்து நின்னுட்டாங்களாம். அதுக்கப்புறம், ஒரு நான்னு சொன்னாலும் நாளைக்குன்னு சொன்னாலும் மனசுல வெச்சுக்குவோம், செய்ய மாட்டோமுங்க."

வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண்மணி ஊரைவிட்டுப் போகாமல் இருந்தது நான் காட்டிய அன்பால். அந்த அன்பை நான் காட்டவே இல்லை. கொட்டாவியோடு ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டை விற்கப் போவதில்லை என்று சொல்லப் போகிறார், அதுவும் இதை நம்பித்தான்.

"நான் இதை அவங்ககிட்டச் சொல்லாம இருந்தா?"

"இருக்கலாமுங்கய்யா. நான் சொல்ல மாட்டனுங்க. ஒருத்தர் வீட்டுப் பேச்சை இன்னொருத்தர்கிட்டச் சொல்ற உரிமை எனக்கு இல்லீங்க."

ஆக, யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர் இங்கேயே இருப்பார், மாலையில் நடப்போம், பாத்திரம் போகும் வரும். சொன்னால் எல்லாம் போய்விடலாம். அவர் போய்விட்டால் என் நாட்கள் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அப்படி இருந்து பார்த்தவன் நான். பயமாக இருந்தது. ஆனால் வாழ்நாள் முழுக்க அடுத்தவன் தட்டில் போலிக் கல்லைத் தேடி எடுத்துவிட்டு, என் பங்குக்கு ஒன்றை வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அவர் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து முடிவு எடுக்கிறார். எடை சரியாக இருக்க வேண்டும்.

காலையில் போய் மணியடித்தேன். காப்பி குடிக்கச் சொன்னார். வேண்டாம் என்று நின்றுகொண்டே சொன்னேன்.

"மொதல்ல வந்த சாம்பார் சோறு நான் அனுப்பினதில்லீங்க."

"பின்ன யாரு?"

"என்ற வீட்டு மிஷினுங்க."

அவர் கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்தார். "நான் சாப்பிடலன்னு அதுக்கு எப்படித் தெரியும்? செவுத்துல காத வச்சுக்கிட்டு இருக்கா அது?"

"காது என்னுதுதானுங்க. விசில் சத்தம் கேக்கலையேன்னு நாந்தான் சொல்லியிருக்கேன். ஏதாச்சும் குடுத்தனுப்போணும்னும் சொல்லியிருக்கேன். அதை நெசம்னு நெனச்சு அது அனுப்பீருச்சு."

"சொல்லிட்டு நீங்க என்ன செஞ்சிய?"

"நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டனுங்க. மறந்தும் போயிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப அந்த மிஷின் இல்லன்னா நீங்க வந்திருக்க மாட்டிய."

எவ்வளவோ சமாதானம் சொல்லியிருக்கலாம். "வந்திருக்க மாட்டனுங்க" என்றேன்.

"இதச் சொல்லாம இருந்திருக்கலாம்லா?"

"இருந்திருக்கலாமுங்க."

"சரி. போயிட்டு வாங்க சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கதவையும் மெதுவாகத்தான் சாத்தினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு பாத்திரம் வரவில்லை. அது அவர் வீட்டில்தான் இருந்தது. மாலையில் கீழே போனேன், அவர் வரவில்லை. ஆனால் அவர் வீட்டு குக்கர் தவறாமல் விசில் அடித்தது. அவர் சமைக்கிறார், சாப்பிடுகிறார், எனக்கு இல்லை, அவ்வளவுதான். சத்தம் இல்லாமல் இருந்தபோது நான் கொட்டாவி விட்டேன், சத்தம் கேட்கும்போது சமையலறையில் போய் நின்றுகொண்டிருந்தேன். தம்பி வழக்கம்போல, "சாப்டீங்களாங்கய்யா?" என்று கேட்டது. ஆச்சு என்றேன். பொய்தான்.

"அந்தம்மாகிட்டப் பேசிப் பாக்கலாமுங்களா?"

"நீ பண்ணின வரைக்கும் போதும்" என்றேன். பாவம், அது சொன்னதைச் செய்த கருவி. அதைத் திட்டி என்ன பிரயோஜனம்.

சனிக்கிழமை முற்பகல் மணி அடித்தது. ஜெசிந்தா அம்மா நின்றுகொண்டிருந்தார். வெளியே போகும் புடவை, கையில் ஒன்றும் இல்லை.

"சார், உங்களுக்கு வேல ஏதும் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப கிளம்புங்க. நாளைக்கு ஜெரால்டு போன் போடுவான். அதுக்கு முன்னால ஒண்ணு பாக்கணும்."

என்ன என்று கேட்டேன். அவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று சொன்னார்.

"யோசிச்சுப் பாத்தேன். உங்க மேல கோவந்தான் மொதல்ல. அப்புறம் என் மேல வந்துச்சு. ஒரே ஒரு ஆள நம்பி ஒரு வீட்ட விக்க மாட்டேன்னு இருந்திருக்கேன் பாருங்க. உங்களுக்கும் எழுவது தாண்டியாச்சு. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு மறுபடியும் பிஸ்கட்டுதான். அதுக்குக் கனடாவுல போயி குளிர்ல கெடக்கலாம்லா."

"நெசந்தானுங்க" என்றேன்.

"அதனால இந்தக் கட்டடத்துல இன்னொரு ஆள் உண்டுமான்னு பாக்கப் போறேன். மிஷின் எதுவும் கூப்புடாம, நம்மளே போயி. ஒரே ஒரு கதவு திறந்து உள்ள வாங்கன்னு சொன்னாப் போதும், இருந்துக்கிடுதேன். இல்லன்னா டிக்கெட் எடுக்கச் சொல்லிருவேன்."

"அதுக்கு நான் எதுக்குங்க?"

"நீங்கதான காதுக்காரரு."

அப்படியாக, எழுபது தாண்டிய இரண்டு பேர், சமையல் நேரத்தில் மாடி மாடியாகப் போய் அடுத்தவர் கதவில் காது வைத்து விசில் சத்தம் கேட்டுக்கொண்டு நின்றோம். சத்தம் வந்த வீட்டை விட்டுவிடுவோம், சத்தம் இல்லாத வீட்டு மணியை அடிப்போம். இதுதான் ஜெசிந்தா அம்மாவின் திட்டம். கேமராவில் பார்த்துவிட்டுக் காவலாளி மேலே வந்து, "ஏதாச்சும் தொலைஞ்சு போச்சுங்களா?" என்று கேட்டார். இனிமேல்தான் தெரியும் என்றார் ஜெசிந்தா அம்மா.

மேல்மாடியில் சத்தமில்லாத வீட்டுக் கதவைத் திறந்தது ஒரு சின்னப் பெண். தலை கலைந்திருந்தது. "ஆன்ட்டி, ராத்திரி ஷிஃப்ட். இப்பத்தான் படுத்தேன்" என்றாள், அழாத குறையாக. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தோம். எங்கள் மாடியில் ஒரு வீட்டில் மணியடித்ததும் உள்ளேயிருந்து ஒரு பேச்சுத்துணை, "அம்மா எதுவும் வாங்கறதில்லைன்னு சொல்லச் சொன்னாங்க" என்றது. விற்க வரவில்லை என்று ஜெசிந்தா அம்மா விளக்கினார். உள்ளே கொஞ்சம் முணுமுணுப்பு. "சும்மா குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க" என்றது மறுபடியும். இன்னொரு வீடு பூட்டியிருந்தது. இன்னொன்றில் ஒருவர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, இது சங்கத் தேர்தல் விஷயமா என்று கேட்டு, இல்லை என்றதும் சாத்திக்கொண்டார்.

ஜெசிந்தா அம்மாவின் நடை மெதுவாகியது. வாசலில் பேசியபோது இருந்த மிடுக்கு முகத்தில் இல்லை. எனக்கோ ஒவ்வொரு கதவு சாத்தப்படும்போதும் ஒரு பயணப் பெட்டி மூடப்படுவது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் அவகாசம் கேளுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவரைப் பிடித்து நிறுத்த இன்னொரு போலிக் கல்லைத் தேட எனக்கு விருப்பமில்லை.

மூன்றாம் மாடியில் கோடி வீடு. கதவில் மு. ஹபீப் என்று பலகை இருந்தது. நான் காதை வைத்தேன். டிவி இல்லை, குக்கர் இல்லை, ஒன்றுமே இல்லை.

"யாரும் இல்ல போலிருக்குதுங்க."

"அடிச்சுப் பாப்போம்" என்று அவரே மணியை அழுத்தினார்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. எங்கள் வயதுக்காரர் ஒருவர். கைலி, பல நாள் தாடி, நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. "யாருங்க?" என்றார்.

ஜெசிந்தா அம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இத்தனை வீட்டுக்குப் பிறகும் என்ன சொல்வது என்று இருவருக்கும் பிடிபடவில்லை. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. என் வீட்டுத் தம்பியின் அதே குரல், அதே 'ங்க'.

"நாலாம் மாடி அய்யாவும் அம்மாவுமுங்க. சாயங்காலம் கீழ நடப்பாங்களே, அவங்கதானுங்க. ஒரு நா அவங்க கூடப் போயி நடக்கோணும், பேச்சுக் குடுக்கோணும்னு நீங்க சொல்லிட்டே இருந்தீங்களே அய்யா."

ஹபீபின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் கெட்டான்.

"அது... சும்மா பேச்சுக்குச் சொன்னதுங்க," என்று தடுமாறினார். "சன்னல்ல நின்னு பாப்பேன். ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே நடப்பீங்க, நல்லா இருக்கும். ஒரு நா எறங்கி வரலாம்னுதான்... இந்த வாரமா உங்களைக் காணோமுங்களா, என்ன ஆச்சோன்னு நெனச்சேன். நாளைக்கு விசாரிக்கலாம்னு இருந்தனுங்க."

யாருக்கோ எங்களைக் காணோம் என்று தெரிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாமல் ஒரு சன்னல் எங்களைத் தேடியிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கக் கண்ணாடியைத் துடைத்தேன்.

"நாளைக்கு என்னத்துக்கு?" என்றார் ஜெசிந்தா அம்மா. "இன்னைக்கே விசாரிங்க. உள்ள வரலாமா?"

"வாங்க, வாங்க. வீடுதான் போட்டது போட்டபடி கெடக்குதுங்க."

"எங்க வீட்டுல மட்டும் என்னவாம்" என்றபடி அவர் செருப்பைக் கழற்றினார். ஒரு காலைக் கழற்றியதும் நின்று என் பக்கம் திரும்பினார். "சார், ஜெரால்டுகிட்டச் சொல்லணும். நாளைக்கு அவன் போன் போடும்போது மறந்துட்டா ஞாபகப்படுத்துங்க."

"இப்பவே போடுங்க" என்றேன்.

"அங்க இப்ப நடுராத்திரிலா?"

"இருக்கட்டுமுங்க. எந்திரிச்சுக் கேக்கட்டும்."

அவர் மறு காலில் செருப்போடேயே நின்று போனை எடுத்தார்.